சிவப்புக்கு அடுத்த நிறம்

பாறைப்புதூரில் முட்டை மஞ்சளாக வந்த அன்றைக்கு யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் இதைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் அந்த இடத்திலேயே காலை ஊன்றி நின்றுகொண்டு மேலே நகரமாட்டேன் என்கிறார்கள். நாமக்கல்லுக்குக் கிழக்கே, மனிதரைவிடக் கோழிகள் அதிகமாகக் குடியிருக்கிற ஊர் அது. விடிந்தால் கோழிச் சத்தம், பொழுது சாய்ந்தால் தீவன மில்லின் தூசி, பொண்ணு பார்க்கப் போனாலும் எத்தனை ஷெட் என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊருக்குக் கோழி எதைப் போட்டாலும் அது ஏதோ ஒரு காரணத்தோடுதான் போடும் என்கிற நிதானம் உண்டு. ஆகவே தெய்வாத்தாவின் ஷெட்டில் ஒரு காலையில் கூண்டு கூண்டாக, வரிசை வரிசையாக, அத்தனை முட்டையும் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி உருண்டு வந்து நின்றபோது, முட்டை பொறுக்குகிற பூவாயி அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க்கா, தீவனத்துல என்னத்தப் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

தெய்வாத்தா ஒன்றையும் போடவில்லை. புருஷன் செத்ததிலிருந்து அந்த ஷெட்டை ஒண்டியாக நடத்துகிறவள் அவள், வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாலு ஆம்பளை வேலையை ஒருத்தியாகச் செய்கிறவள், அவள் கண்ணில் படாமல் அங்கே ஒரு இறகு உதிராது. அந்தக் கோழிகளை நம்பித்தான் ஒரே மகன் மகுடேசுவரனை உக்ரைனுக்கு டாக்டர் படிக்க அனுப்பினாள். அவனும் டாக்டராகத் திரும்பி வந்தான், கூடவே மரீச்கா என்று ஒரு பெண்ணையும் கட்டிக்கொண்டு வந்தான். அன்றைக்கு வெள்ளைச் சேலைக்காரி ஆரத்தி எடுக்கக்கூடாது என்று அவள் அண்ணன் பெண்டாட்டி தட்டைப் பிடித்துக்கொள்ள, தெய்வாத்தா கதவுக்குப் பின்னால் மறைந்து நின்றாள். வந்த பெண்ணோ அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு நேராக வந்து அவளைக் கட்டிக்கொண்டு, எங்கள் ஊரில் வெள்ளை என்றால் பிறந்த குழந்தைக்கு, இனிமேல்தான் எழுதப்போகிற வாழ்க்கைக்கு என்று தன் பாஷையில் சொல்ல, மகுடேசு அதைத் தமிழில் சொல்ல, தெய்வாத்தாவுக்கு அழுகை வந்து ஆரத்தித் தண்ணீர் ஊற்றுகிறவரைக்கும் நிற்கவில்லை. பிற்பாடு அந்தப் பெண் மாமியாரிடமே தமிழ் கற்று, மாமியார் மாதிரியே இழுத்துப் பேச ஆரம்பித்ததும், ஊர் அவளை மாரிக்கா என்று சுருக்கிக்கொண்டது.

அந்த மாரிக்கா வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருந்தபோதுதான் அவள் அம்மா இருந்த ஊர்ப்பக்கம் சண்டை வந்தது. அந்த அம்மாள் தனியாள், கால் நடக்கமுடியாதவள். "நான் போயிக் கூட்டிக்கிட்டு வந்தர்றேன், நீ சும்மா கலங்காத" என்று சொல்லிவிட்டு மகுடேசு கிளம்பிப் போனான், போய்ச் சேர்ந்தான், ஏதோ ஒரு ஸ்டேஷனில் நின்றுகொண்டு, மாமியாரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறேன், எல்லைக்குப் பஸ் கிடைத்துவிடும் என்று போனில் சொன்னான். அதற்குப் பிறகு போன் இல்லை. விசாரிக்கவேண்டிய இடத்திலெல்லாம் விசாரித்தாயிற்று, எல்லா இடத்திலும் பொறுத்திருங்கள் என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. தெய்வாத்தா போனை இடுப்பிலேயே செருகிக்கொண்டு கோழிகளுக்கு நடுவில் நடந்தாள், அது அடிக்காமலே அடித்ததாக நினைத்து எடுத்து எடுத்துப் பார்த்தாள், சோற்றுத் தட்டைத் தொடாமல் அப்படியே நகர்த்தி வைத்தாள்.

மரீச்கா அழவில்லை. ஒரு முட்டையை அட்டையிலிருந்து எடுத்து வந்து, மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு, குச்சி நுனியில் சின்னப் பித்தளைப் புனல் கட்டிய ஒரு சாமானால் தேன்மெழுகை உருக்கி உருக்கி முட்டை ஓட்டின்மேல் கோடு இழுத்துக்கொண்டே இருந்தாள். அவள் ஊரில் இதை வரைவது என்று சொல்லமாட்டார்களாம், எழுதுவது என்றுதான் சொல்வார்களாம். எழுதி முடித்தபின் முக்கியெடுக்கச் சாயம் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று அந்த முட்டையை ஷெட் வாசலில் வைத்துவிட்டுப் போனாள், பூவாயி அதையும் மற்ற முட்டைகளோடு சேர்த்து அட்டையில் அடுக்கிவிட்டாள், அது லாரியேறிக் கேரளாவுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில்தான் ஷெட் முழுக்க மஞ்சள். அவளிடம் சாயம் இல்லாததால் சாயம் முக்குகிற வேலையைக் கோழிகள் எடுத்துக்கொண்டன என்று ஊர் பேசிக்கொண்டது, அதற்குமேல் யாரும் அதைத் தோண்டவில்லை.

தெய்வாத்தா ஒரு மஞ்சள் முட்டையை முந்தானையில் ஏந்திக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். மரீச்கா அதை வாங்கி விரலால் தடவினாள். ஓட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் வழுவழுவென்று மெழுகு.

"ஆரம்பிச்சிருச்சுங்க அத்தை," என்றாள்.

"என்ன அம்மிணி ஆரம்பிச்சிருச்சு?"

"எழுதறது. முதல்ல வெள்ளை. எது வெள்ளையா இருக்கோணுமோ அதுமேல மெழுகு வெச்சு மூடிருவோம். அப்புறம் மஞ்சள்ல முக்குவோம். மஞ்சள் எங்க வேணுமோ அங்க மெழுகு. அப்புறம் பச்சை, அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் சிவப்பு. வெளிர்ல இருந்து அடர்த்திக்குத்தான் போகமுடியுங்க, திரும்பி வரமுடியாது. ஒவ்வொரு முக்குலயும் பழசு மறைஞ்சு போகும், ஆனா மெழுகுக்குள்ள பத்திரமா இருக்கும்."

"இப்ப மஞ்சளுக்கு என்ன அர்த்தம்? அதச் சொல்லு."

"விளைஞ்ச கோதுமை. வெயில். கிளம்பியிருக்காங்க, வெளிச்சம் இருக்கு வழியில." அவள் முட்டையை மாமியார் கையில் திருப்பி வைத்தாள். "அப்பிடித்தான் நான் படிப்பேன்."

அது போதும் தெய்வாத்தாவுக்கு. மஞ்சள் என்றால் நல்ல காரியம், அது அவளுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. அன்றைக்கு அவள் இரண்டு வேளை சோறு தின்றாள்.

ஊர் அதைத் தனக்குத் தோதாக வாங்கிக்கொண்டது. முட்டை வியாபாரி துரைராசு முதலில் இந்த முட்டையை எவன் தின்பான் என்று முகத்தைச் சுளித்தார், ஒரு வாரம் கழித்து வேறு ஷெட் முட்டையை ஏற்றமாட்டேன் என்று லாரியைத் தெய்வாத்தா வாசலிலேயே போட்டுவிட்டார். கல்யாணம் தள்ளிப்போகிற வீட்டிலெல்லாம் சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் முட்டை உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சத்துணவில் வெள்ளை முட்டை போட்டால் தட்டைத் தள்ளிவிட்டார்கள். கோழி டாக்டர் வந்தார், ரத்தம் எடுத்தார், எச்சம் எடுத்தார், கோழிகள் பரம சௌக்கியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு இரண்டு அட்டை வாங்கிக்கொண்டு போனார். பிறகு ஒரு காலையில் முட்டை பச்சையானது, உடனே விவசாயிகள் வந்து வயலுக்கு நாலு மூலையிலும் புதைக்க வாங்கிப் போனார்கள். பச்சை ஆரஞ்சானது, அதற்கும் ஆள் வந்தது. கட்சிக்காரர்கள் மட்டும் தங்கள் கொடி நிறம் எப்போது வரும் என்று கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே போனார்கள்.

இத்தனை பேரும் நிறத்தைத் தங்களுக்காகப் பார்த்தார்கள். தெய்வாத்தா மகனுக்காகப் பார்த்தாள். அவளுக்கு அது போன் மாதிரி, தந்தி மாதிரி, விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்க்கவேண்டிய ஒரே சேதி. பச்சை வந்தபோது மரீச்கா, துளிர் விடுகிறது, உயிர் இருக்கிறது என்றாள். ஆரஞ்சு வந்தபோது, தாங்குகிறார்கள், தெம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு தாங்குகிறார்கள் என்றாள்.  தாங்குகிற அளவுக்கு என் பிள்ளைக்கு என்ன கஷ்டம் வந்தது என்று தெய்வாத்தா ஷெட்டுக்குள் போய்க் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு சிவப்பு வந்தது. அன்று தெய்வாத்தாவின் அண்ணன் சென்னியப்பனும் வந்திருந்தார்; ஊரில் நல்லது கெட்டது எது நடந்தாலும் முன்னால் நின்று நடத்துகிறவர், தங்கச்சி வீடு என்றால் கேட்காமலே நடத்துகிறவர். கூண்டுகளுக்கு முன்னால் சிவப்பு முட்டைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது குங்குமமா, ரத்தமா?" என்று கேட்டார்.

"ரெண்டுந்தாங்க மாமா," என்றாள் மரீச்கா. "சிவப்புன்னா உசுருங்க. பிரியமானவங்களுக்குக் குடுக்கற நிறம். ரத்தமும் உசுருதானுங்களே."

"சரி, சிவப்புக்கு அடுத்து என்ன?"

மரீச்கா மாமியாரைப் பார்த்தாள். தெய்வாத்தா அந்தப் பார்வையைக் கவனித்துவிட்டாள். அண்ணன் கார் ஏறிப் போகிறவரைக்கும் காத்திருந்து, பிறகு மருமகளைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், "சொல்லு" என்றாள்.

"கறுப்புங்க அத்தை. கறுப்புத்தான் கடைசி முக்கு. அதுக்கு மேல ஒரு நிறமும் பிடிக்காது."

"கறுப்புக்கு என்ன அர்த்தம்?"

"கறுப்பு நிலம். எல்லாம் அதுல இருந்து வருது, எல்லாம் அதுக்குள்ள போகுது. வயசானவங்களுக்குக் கறுப்பு ஜாஸ்தியா வெச்சுத்தான் எழுதுவோம், நெறைய வாழ்ந்துட்டாங்கன்னு. வேற நிறமே இல்லாம கறுப்பும் வெள்ளையும் மட்டும் எழுதினா அது செத்தவங்க கையில வெச்சு அனுப்பறதுக்கு. ஆனா அத்தை, கறுப்பு முக்கின உடனே ஒண்ணும் தெரியாதுங்க. நெருப்புல காட்டி மெழுகை எடுக்கோணும். எடுத்தாத்தான் உள்ள என்ன எழுதியிருக்கு, யாருக்கு எழுதியிருக்குன்னு தெரியும்."

இவ்வளவும் அவள் சொன்னாள். தெய்வாத்தாவுக்குக் காதில் விழுந்தது என்னவோ செத்தவங்க கையில என்ற அந்த ஒரு பேச்சு மட்டும்தான்.

அன்றிலிருந்து அவள் விடியலைக் கண்டு பயந்தாள். நாளைக்கா, நாளை மறுநாளா என்று கணக்குப் போட்டுக்கொண்டே கிடந்தாள். கோழிகளைப் பார்த்தால் அவை வயிற்றுக்குள் ஆளுக்கொரு கரித்துண்டைச் சுமந்துகொண்டு நிற்பதாகத் தோன்றியது. மருமகள் எதிரில் வந்தால் அவள் நெற்றியையும் கழுத்தையும் பார்த்தாள். தான் கட்டின வெள்ளையை இந்தப் பெண் கட்டுவதா, அதுவும் அது நல்ல நிறம் என்று நம்பிக்கொண்டிருக்கிற பெண்ணா என்று நினைத்து நினைத்து உள்ளுக்குள் வெந்தாள். கடைசியில் கோழிக்காரி செய்யக்கூடிய காரியத்தைச் செய்தாள். கோழி முட்டை போடுவது தீவனத்தால், வெளிச்சத்தால். பகல் குறைந்தால் கோழி முட்டையைக் குறைக்கும் என்று பண்ணை வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் இருட்டியபிறகும் ஷெட்டில் லைட் எரிகிறது. தெய்வாத்தா லைட்டை அணைத்தாள். பக்கவாட்டுத் திரைகளை இறக்கிக் கட்டினாள். தீவனத்தைக் கால்வாசியாக்கினாள். கறுப்பு வரவேண்டுமானால் முட்டை வழியாகத்தானே வரவேண்டும், முட்டையே வராவிட்டால் எந்த வழியாக வரும் என்று பூவாயியிடம் கேட்டாள். 

சிவப்பு முட்டைகள் குறைந்தன, அங்கொன்று இங்கொன்றாயின, நின்றன. ஷெட் அமைதியானது. தெய்வாத்தாவுக்கு இரண்டு நாள் நிம்மதியாக மூச்சு வந்தது. என் மகனை நான் சிவப்பிலேயே நிறுத்திவிட்டேன் என்று நினைத்தாள்.

ஆனால் நின்றது முட்டை மட்டும் இல்லை. ஊரில் எது எது முடியவேண்டுமோ அது அது முடியாமல் பாதியில் நின்றது. மாமரங்களில் காய் முற்றிச் சிவந்து அப்படியே தொங்கியது, பழுக்கவில்லை. சினை மாடுகள் நாள் தாண்டியும் ஈனாமல் கத்திக்கொண்டு நின்றன. இழுத்துக்கொண்டு கிடந்த ஒரு கிழவர் இழுத்துக்கொண்டே கிடந்தார், வெளியூரிலிருந்து வந்த அவர் மகன்கள் லீவு முடிந்து திரும்பிப் போனார்கள். மரீச்காவுக்குச் சொன்ன நாள் வந்தது, போனது, வலி வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், அதற்கும் வரவில்லை. குழந்தை கொஞ்சம் மந்தமாக இருக்கிறது, துடிப்பு சரியாகத்தான் இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் பார்ப்போம், பிறகு ஆபரேஷன், ஆனால் இது ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை என்று டாக்டரம்மா மறைக்காமல் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மரீச்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராக ஷெட்டுக்கு நடந்தாள். இருட்டில் கோழிகள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"லைட்டப் போடுங்க அத்தை."

"மாட்டேன்."

"பாதியில நிறுத்தின முட்டைங்க இது. நிறுத்தினா எல்லாமே நின்னு போகும். என்ற கொழந்தையும் உள்ள நின்னு போச்சு."

"லைட்டப் போட்டா என்ற பையன் செத்துப்போவான், கண்ணு." தெய்வாத்தா சுவிட்சுக்கு முன்னால் குறுக்கே நின்றாள். "உனக்குப் புரியல. நான் இந்தச் சேலையைக் கட்டிப் பார்த்தவ. உன்னையும் இதுல நான் பார்க்கமாட்டேன்."

"முட்டை யாரையும் கொல்றதில்லீங்க. நடந்ததச் சொல்லுது, அவ்வளவுதான். செத்திருந்தா அவரு ஏற்கனவே செத்துட்டாருங்க. உசுரோட இருந்தா உசுரோடதான் இருக்காரு." மரீச்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள், அவள் உதடு வெளுத்திருந்தது. "எனக்குப் பயமில்லைன்னு நினைக்கறீங்களா? அங்க உங்க பையன் மட்டும் இல்லீங்களே. எங்கம்மாவும் இருக்காங்க."

தெய்வாத்தாவுக்கு அது காதில் விழுந்தது. மனதுக்குள் இறங்கவில்லை, அங்கே மகன் மட்டுமே நிறைந்திருந்தான். அவள் மருமகளின் வயிற்றைப் பார்த்தாள். உள்ளே இருப்பதும் அவன் பிள்ளைதான் என்று நினைத்தாள். இருக்கிறானா இல்லையா என்று தெரியாத ஒருவனுக்காக இருக்கிற ஒன்றைத் திணறடிக்கிறாயே பாவி என்று தன்னையே வைதுகொண்டாள். அரை நாள் அப்படியே சுவிட்சுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து திரைகளை அவிழ்த்துவிட்டாள், தொட்டியில் தீவனத்தைக் கொட்டினாள், லைட்டைப் போட்டாள். கோழிகள் ஒரே நேரத்தில் கழுத்தை நீட்டித் தின்ன ஆரம்பித்த சத்தம் கல்மாரி பெய்வது மாதிரி கேட்டது.

மறுநாளே வந்துவிட்டது. நாள் கணக்காகப் பட்டினி போட்ட கோழி அவ்வளவு சீக்கிரம் முட்டை போடாது என்று பண்ணைக்காரர்கள் சொல்வார்கள், இந்தக் கோழிகளுக்கு அது தெரியாது. விடிந்தபோது ஷெட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் கறுப்பு. அடுப்புக்கரி கறுப்பு, மெழுகு பூசி மேடும் பள்ளமுமாகக் கட்டிதட்டிய கறுப்பு, ஒரு பொட்டு வெளுப்பு இல்லை. பூவாயி அட்டைகளைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் ஓடின ஓட்டத்திலேயே ஊருக்குச் சேதி தெரிந்துவிட்டது.

சென்னியப்பன் ஆட்களோடு வந்தார். ஷெட்டைப் பார்த்தார், துண்டை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார், மருமகனைத் தோளில் தூக்கி வளர்த்த மனுசன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நடத்தவேண்டியதை நடத்த ஆரம்பித்தார். தோட்டத்து மூலையில் குழி வெட்டச் சொன்னார், முட்டை அத்தனையையும் உடைத்து மூடிவிடவேண்டும். பந்தலுக்குச் சொல்லியனுப்பினார், பறைக்குச் சொல்லியனுப்பினார். பெண்கள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு வாசலில் கூடிவிட்டார்கள்.

"தெய்வா, மனசத் திடம் பண்ணிக்க," என்றார். "பொணம் இல்லைன்னாலும் செய்யவேண்டியதச் செஞ்சிரணும். அந்தப் புள்ள பிரசவம் முடியட்டும், அதுக்குச் செய்யவேண்டிய சாங்கியத்தப் பொறவு பார்த்துக்கலாம்."

 அந்த நேரத்தில்தான் வீட்டுக்குள்ளிருந்து மரீச்கா கத்தினாள். வலி வந்துவிட்டது; இத்தனை நாள் வராத வலி மொத்தமாகத் திரண்டு வந்துவிட்டது. பெண்கள் உள்ளே ஓடினார்கள், யாரோ காரை எடுங்கள் என்றார்கள். மரீச்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வரமாட்டேன் என்றாள்.

"முட்டையைக் கொண்டாங்க அத்தை. படிக்காம நான் வரமாட்டேன். என்னன்னு தெரியாம என்னால பெக்கமுடியாது."

"உடைக்கப் போறாங்க கண்ணு."

"உடைச்சா ஒண்ணுமே தெரியாம போயிருமுங்க. ஓட்டுலதான் எழுதியிருக்கு." அடுத்த வலியில் அவள் சுருண்டாள். "ஓடுங்க அத்தை."

தெய்வாத்தா ஓடினாள். குழிக்குப் பக்கத்தில் அட்டை அட்டையாக அடுக்கியிருந்தார்கள், முதல் அட்டையை ஒருவன் கவிழ்க்கப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு ஒரு முட்டையை எடுத்தாள். சென்னியப்பன் குறுக்கே வந்தார்.

"எழவு முட்டைய எங்க கொண்டு போற? புள்ளத்தாச்சி இருக்கற வீட்டுக்குள்ளயா?"

"வழிய விடுண்ணா."

"நான் சொல்றதக் கேளு தெய்வா."

"இத்தன நாளும் நான் சொன்னதத்தான் நான் கேட்டேன், அதுலயே ஊரே பாதியில நின்னு போச்சு. வழிய விடு. நான் வர்றவரைக்கும் ஒரு முட்டை உடையக்கூடாது." அவர் வழியை விட்டார். தங்கச்சி அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

மெழுகுவர்த்தியைப் பூவாயி கொளுத்தினாள். வலியில் மரீச்காவால் முட்டையைப் பிடிக்கமுடியவில்லை, ஆகவே தெய்வாத்தாவே பிடித்தாள். சுடருக்கு மேலே பிடிக்காதீங்க, கரி ஏறிரும், பக்கத்துல பிடிங்க, மெழுகு பளபளன்னு வந்ததும் துணியால ஒத்தி எடுங்க என்று வலிக்கு நடுவில் மூச்சை இழுத்து இழுத்து மரீச்கா சொன்னாள். துணி தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. தெய்வாத்தா தன் முந்தானையால் துடைத்தாள். வெள்ளைச் சேலையில் கறுப்புக் கறுப்பாக ஒட்டியது, முட்டையில் ஒரு கோடு திறந்தது. இன்னொரு இடத்தில் காட்டினாள், துடைத்தாள். கறுப்புக்குள்ளிருந்து மஞ்சள் வந்தது. பச்சை வந்தது. சிவப்பாக ஒரு மான், கொம்பு விரித்துக்கொண்டு, கால் தூக்கி நடக்கிற மான் வந்தது. தெய்வாத்தாவுக்குக் கண்ணீர் மறைத்து அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்த மெழுகையெல்லாம் குருட்டாம்போக்கில் துடைத்து, முட்டையை மருமகள் உள்ளங்கையில் வைத்தாள்.

மரீச்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு, மான் இருக்கிற பக்கத்தை மாமியாரிடம் காட்டினாள்.

"மான்னா ஆம்பளைங்க அத்தை. சிவப்பு மான். உசுரோட இருக்காரு. காலு பாருங்க, நடந்துக்கிட்டிருக்கு. உங்க பையன் வந்துக்கிட்டிருக்காரு."

தெய்வாத்தா என்ன செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வாசலுக்கு ஓடினாள் என்றும், அண்ணன் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள் என்றும், இருக்கிறான், இருக்கிறான் என்பதைத் தவிர வேறு பேச்சு அவள் வாயில் வரவில்லை என்றும் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வாசலில் அவிழ்ந்திருந்த தலைகளெல்லாம் கொண்டை போட்டன. குலவை கிளம்பியது, ஒருத்தி ஆரம்பிக்க அத்தனை பேரும் எடுத்தார்கள். எழவுக்கு வந்த பறைக்காரர்கள் நிலவரம் தெரிந்துகொண்டு அடியை மாற்றித் திருவிழாவுக்கு அடிக்கிற நோம்பி அடி அடித்தார்கள். குழி வெட்டினவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஆடினான். சென்னியப்பன் சின்னப்பிள்ளை மாதிரி விசும்பிக்கொண்டே, காரை முன்னால கொண்டாங்கடா என்று சத்தம் போட்டார்.

தெய்வாத்தா சிரிப்பும் அழுகையுமாக உள்ளே திரும்பி வந்தாள். மருமகளைக் கட்டிக்கொண்டு, எந்திரி என்ற தங்கமே, கார் வந்துருச்சு என்று கையைப் பிடித்துத் தூக்கினாள். மரீச்காவின் கை விறைத்துப்போயிருந்தது. கட்டைவிரல் இன்னும் முட்டையைப் பொத்தியபடியே இருந்தது. கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. வெளியே குலவை ஏறிக்கொண்டே போனது, அவள் அது முடியட்டும் என்று காத்திருக்கிறவள் போல உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தெய்வாத்தா அந்தக் கட்டைவிரலை மெல்ல விலக்கினாள்.

அந்தப் பக்கத்தில் மஞ்சள் இல்லை, பச்சை இல்லை, சிவப்பு இல்லை. கறுப்பும் வெள்ளையும் மட்டும்.

யாரும் அவளுக்கு அர்த்தம் சொல்லவேண்டியிருக்கவில்லை. தோட்டத்தில் வைத்து இந்தப் பெண் தன் வாயாலேயே சொன்னது, அப்போது தன் பிள்ளைக்காக மட்டும் காதில் வாங்கிக்கொண்டது, இப்போது வந்து நெஞ்சில் இறங்கியது. அங்கே உங்க பையன் மட்டும் இல்லீங்களே என்று சொன்னாளே. இத்தனை வாரமும் விடிய விடிய இவளும்தான் ஷெட்டுக்கு வந்தாள், இவளும்தான் ஒவ்வொரு நிறத்தையும் பார்த்தாள். நான் ஒருத்தியே காத்திருந்ததாக நினைத்துவிட்டேனே.

"எப்பப் பார்த்த?" என்று கேட்டாள்.

"முதல்ல அதத்தாங்க பார்த்தேன்," என்றாள் மரீச்கா. "நீங்க சந்தோஷமா இருக்கட்டும்னு பொத்திக்கிட்டேன்."

தெய்வாத்தா எழுந்து வாசலுக்குப் போனாள். கையைத் தூக்கினாள். குலவை பாதியில் அறுந்தது, பறை நின்றது. கறுப்புத் தீற்றல் தீற்றலாக இருந்த அந்தச் சேலையைப் பார்த்து எல்லாரும் இரண்டு அடி பின்வாங்கினார்கள்.

"நிறுத்துங்க," என்றாள். "எழவு வீட்டுல என்ன கும்மாளம்? என்ற சம்பந்தியம்மா போயிட்டாங்க."

ஊர் திருதிருவென்று விழித்தது. அந்த அம்மாளை அங்கே யாரும் பார்த்ததில்லை, பேர்கூடத் தெரியாது, எந்தத் தேசத்தின் எந்த மண்ணில் கிடக்கிறாளோ அதுவும் தெரியாது. சென்னியப்பன்தான் முதலில் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"அவங்க பேரு ஹன்னா," என்றாள் தெய்வாத்தா. "என்ற மகன நம்பி அவங்கூடக் கிளம்பி வந்தவங்க. இந்தப் புள்ளைக்கு இங்க வேற சனம் இல்ல, நாமதான். அவளுக்குக் கேக்கற மாதிரி அழுங்க."

சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அவளே முதலில் குரலெடுத்தாள். பெண்கள் போட்ட கொண்டையை மறுபடி அவிழ்த்துவிட்டு வட்டமாக உட்கார்ந்து தோளில் தோள் சாய்த்துக்கொண்டார்கள், பழக்கமில்லாத அந்தப் பேரை வாய்க்கு வந்தபடி ஹன்னம்மா, ஹன்னம்மா என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள், முதலில் முறைக்காக அழுதவர்கள்கூடப் பிறகு நிஜமாக அழுதார்கள். உள்ளே கட்டிலில் இருந்தவள் தன் அம்மாவின் பேரை இந்த ஊர் அழுவதைக் கேட்டாள். அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த வாயைத் திறந்தாள். வலிக்கா துக்கத்துக்கா என்று பிரிக்கமுடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது, அதைக் கேட்டுத்தான் தெய்வாத்தா அழுகையை நிறுத்தி எழுந்து ஓடினாள், மருமகளின் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கித் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

"அழு கண்ணு, நல்லா அழு. நான் பிடிச்சுக்கறேன்," என்று சொல்லிக்கொண்டே அவளைக் காருக்கு நடத்திக் கொண்டுபோனாள்.